மதுரையில் இருந்துகொண்டு எந்த ஸ்பினலை எடுப்பது? காந்த-மின் பிணைப்பு ஆய்வுக்கு ஓர் ஒப்பீடு

ஸ்பினல் என்ற கனசதுரப் படிக அமைப்புள்ள ஆக்சைடில் காந்தத்துக்கும் மின்முனைவாக்கத்துக்கும் (நேர், எதிர் மின்னூட்டங்கள் பொருளுக்குள் விலகி நிற்பதற்கும்) உள்ள பிணைப்பை ஆராய வேண்டும் என்று ஒரு முதுகலை மாணவரோ முனைவர் பட்ட மாணவரோ தீர்மானித்தால், முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும்: எந்தப் பொருளை எடுப்பது? பலரும் ஆய்வுக்கூட அலமாரியில் என்ன நைட்ரேட் இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கிறார்கள். அப்படி எடுத்த முடிவு, ஆய்வேட்டை முடிக்கும் மார்ச் மாதத்தில் கையைக் கடிக்கும். பொருளைச் செய்வது இந்தத் துறையில் எளிய பாதி. அளப்பதுதான் கடினமான பாதி. எந்த அளவீட்டை முழுதாக முடிக்க முடியும் என்பதை முதலில் பார்த்து, அதற்கேற்ற பொருளைப் பிறகு தேர்ந்தெடுக்க வேண்டும்.

மதுரைக் கல்லூரிகள் பலவற்றில் சாதாரணமாகக் கிடைப்பவை: 1,100 முதல் 1,200° செ. வரை போகும் மஃபிள் ஃபர்னஸ், பொடியைப் பெல்லட்டாக (சிறு வட்ட வில்லையாக) அழுத்தும் ஹைட்ராலிக் பிரஸ், மின்தேக்குத்திறன் அளக்கும் ஒரு எல்சிஆர் மீட்டர், ஒரு மின்காந்தம். திரவ நைட்ரஜனும் கிடைக்கும். கால்நடை மருந்தகங்களில் சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகளைப் போட்டு வைத்திருக்கும் அதே கேனில் வருவதுதான். அதைவிட மிகக் குளிர்ந்த திரவ ஹீலியம் கிடையாது. இந்த ஒரு வரிதான் கீழே வரும் ஒப்பீட்டில் பாதியைத் தீர்மானிக்கிறது.

ஸ்பினலில் ஏன் இது சுலபமில்லை

ஸ்பினலின் கனசதுர அலகில் 32 ஆக்சிஜன்; உலோக அயனிகள் உட்காரும் 8 நான்முகி இடம் (சுற்றி நான்கு ஆக்சிஜன்), 16 எண்முகி இடம் (சுற்றி ஆறு). மொத்த அமைப்புக்கும் தலைகீழ் சமச்சீர்மை மையம் (ஒவ்வோர் அணுவுக்கும் நேர் எதிரே அதே போன்ற அணு இருக்கும் புள்ளி) உண்டு. அந்த மையம் இருக்கும்வரை தன்னியல்பான முனைவாக்கம் வராது. ஆகவே சாதாரண ஸ்பினல் ஃபெரைட் (இரும்பு உள்ள ஸ்பினல்) அறை வெப்பநிலையில் ஃபெர்ரோமின் பொருளாக, அதாவது தானாகவே முனைவாக்கம் கொண்டு மின்புலத்தால் அதைத் திருப்பக்கூடிய பொருளாக, இருக்க முடியாது. முனைவாக்கம் வேண்டுமென்றால் மூன்று வழிகள் உண்டு. ஸ்பின்கள் (அயனிகளின் நுண்காந்தங்கள்) தாமாகச் சுருண்டு சமச்சீர்மையைக் குலைக்கலாம். மையம் இல்லாத நான்முகி இடத்தில் மட்டும் காந்த அயனி உட்கார்ந்து, பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக நிற்கும் எதிர்ஃபெர்ரோ ஒழுங்குக்கு வரலாம். அல்லது ஸ்பினலை வேறொரு அழுத்தமின் பொருளோடு ஒட்டி, இழுப்பு வழியாகப் பிணைக்கலாம். கீழே ஒப்பிடும் மூன்று தேர்வுகளும் இந்த மூன்று வழிகள்தான்.

முதல் தேர்வு: கோபால்ட் குரோமைட்

துறையின் அழகான பொருள் இது. ஏறத்தாழ 94 கெல்வினில் ஃபெர்ரிகாந்தமாகிறது; எதிரெதிர் ஸ்பின்கள் முழுதும் ஈடாகாமல் கொஞ்சம் காந்தம் மிஞ்சும். 26 கெல்வின் அருகே ஸ்பின்கள் கூம்புச் சுருளாகின்றன. வரிசையாக விட்ட பம்பரங்கள் எல்லாம் சாய்ந்து சுற்றுவதாகவும், ஒவ்வொன்றின் சாய்வும் முந்தையதைவிடக் கொஞ்சம் திரும்பியிருப்பதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். பம்பரத்தின் அச்சுப் பக்கம் மிஞ்சுவது காந்தமாக்கம். சுற்றித் திரும்பும் பகுதி தருவது முனைவாக்கம். அடுத்தடுத்த ஸ்பின்கள் ஒன்றுக்கொன்று சாய்ந்திருந்தாலே முனைவாக்கம் பிறக்கும் என்று 2005-இல் கட்சுரா, நாகவோசா, பலாட்ஸ்கி மூவரும் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஜப்பானில் யாமசாகி குழுவினர் கோபால்ட் குரோமைட் ஒற்றைப் படிகத்தில் அதை அளந்தார்கள். காந்தப்புலத்தைத் திருப்பினால் முனைவாக்கமும் திரும்பியது. ஒரே பொருளில் தன்னியல்பான காந்தமாக்கமும் முனைவாக்கமும் கைகோத்து நடப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பொருள்கள் குறைவு.

ஆனால் அளவு எவ்வளவு? சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகூலம். 8 மி.மீ. விட்டமுள்ள பெல்லட்டின் பரப்பு 50 சதுர மி.மீ. எல்லாத் துகளும் ஒரே பக்கம் பார்த்தாலும் மொத்த மின்னூட்டம் 100 பிகோகூலம்தான். நிமிடத்துக்கு 5 கெல்வின் வேகத்தில் சூடேற்றும்போது இது 10 கெல்வின் இடைவெளியில், அதாவது 120 நொடியில் வெளியேறும் என்று வைத்தால் மின்னோட்டம் 0.8 பிகோஆம்பியர். பெல்லட்டில் துகள்கள் நாலாபக்கமும் பார்ப்பதால் அதிலும் ஒரு பங்குதான் மிஞ்சும். கேபிள் கொஞ்சம் அசைந்தாலே அதன் உராய்வு இதைவிடப் பெரிய மின்னோட்டத்தைத் தந்துவிடும்.

அடுத்தது வெப்பநிலை. திரவ நைட்ரஜன் 77 கெல்வின். அதன் மேல் பம்ப் வைத்து இழுத்தால் 63 கெல்வினில் உறைந்துவிடும். 94 கெல்வின் காந்த மாற்றத்தை மதுரையிலேயே பார்த்துவிடலாம், ஆனால் பிணைப்பு தொடங்கும் 26 கெல்வினை எட்ட முடியாது. மூடிய சுற்றுக் குளிரூட்டி இருக்கும் இடத்தில் நேரம் வாங்கியாக வேண்டும். இந்தூரில் தலைமையகம் உள்ள யுஜிசி-டிஏஇ கூட்டமைப்பு பல்கலைக்கழக, கல்லூரி மாணவர்களின் ஆய்வு முன்மொழிவைப் பார்த்து நேரம் ஒதுக்குகிறது; அதன் கல்பாக்கம் மையம் நமக்குப் பக்கம். ஆறு மாத முதுகலைத் திட்டத்தில் இந்த வரிசையில் நின்று, முதல் பெல்லட் சரியில்லை என்று தெரிந்து, இரண்டாவதைச் செய்து மறுபடி நிற்க நேரம் போதாது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை: 5 கிராம் கோபால்ட் குரோமைட்டுக்கு கோபால்ட்(2,3) ஆக்சைடு 1.769 கிராம், குரோமியம் ஆக்சைடு 3.349 கிராம். இரண்டையும் அகேட் உரலில் அரைத்து, மூடிய அலுமினா குரூசிபிளில் 1,100 முதல் 1,200° செ. வரை, இடையில் மறுபடி அரைத்து இரண்டு மூன்று முறை சுட வேண்டும். மூடி அவசியம், காற்றில் இந்த வெப்பத்தில் குரோமியம் ஆறு இணைதிற ஆக்சைடாக ஆவியாகிக் கழியும். நிறத்தைப் பார்த்து வினை முடிந்தது என்று சொல்ல முடியாது, குரோமியம் ஆக்சைடும் பச்சை, கோபால்ட் குரோமைட்டும் நீலப்பச்சை. எக்ஸ்ஆர்டியில்தான் (எக்ஸ்-கதிர் கொண்டு படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) தெரியும். தாமிரக் கதிரில் கோபால்ட் குரோமைட்டின் பெரிய உச்சம் 35.7 பாகை அருகே, 33.6 பாகையில் ஒரு சின்ன மேடு தெரிந்தால் குரோமியம் ஆக்சைடு மிச்சம், 36.8-இல் தோள் போல வீங்கியிருந்தால் கோபால்ட் ஆக்சைடு மிச்சம். இந்தக் கோபால்ட் ஆக்சைடு மிச்சத்தை அலட்சியம் செய்யக் கூடாது. அது 30 கெல்வின் அருகே தானே காந்த ஒழுங்குக்கு வருகிறது. 26-இல் நாம் தேடும் சுவடுக்குப் பக்கத்திலேயே அதுவும் ஒரு வளைவைப் போட்டுவிடும். எது எதனுடையது என்று பிரிப்பது பெரும்பாடு. நைட்ரேட், சிட்ரிக் அமில வழியில் செய்தால் துகள் நுணுக்கமாக வரும். ஆனால் எரியும் கட்டத்தில் மஞ்சள் நிறக் குரோமேட் உண்டாகலாம். அது நச்சு, தண்ணீரில் கரையும். கையுறையும் புகைக்கூண்டும் இல்லாமல் அதைச் செய்யவே வேண்டாம், கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவும் வேண்டாம்.

போலிங் (புலம் வைத்துக் குளிர்வித்து முனைவாக்கத்தை ஒரே பக்கம் திருப்புவது) செய்யும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இந்தப் பொருளில் முனைவாக்கம் காந்தமாக்கத்துக்குச் செங்குத்து. மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஒரே திசையில் வைத்துக் குளிர்வித்தால் பெல்லட்டில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. மாதிரியைப் பிடிக்கும் பிடியே செங்குத்து அமைப்பில் இருக்கிறதா என்று நேரம் பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் தேர்வு: கோபால்ட்(2,3) ஆக்சைடு

கண்ணாடியில் நீல நிறம் ஏற்றும் இந்தக் கறுப்புப் பொடியும் ஒரு ஸ்பினல்தான். எண்முகி இடத்துக் கோபால்ட்டுக்குக் காந்தத்தன்மை இல்லை. நான்முகி இடத்துக் கோபால்ட் மட்டும் 30 கெல்வின் அருகே எதிர்ஃபெர்ரோ ஒழுங்குக்கு வருகிறது. அந்த இடத்துக்குத் தலைகீழ் மையம் இல்லாததால் நேர்கோட்டுக் காந்த-மின் விளைவு (காந்தப்புலத்துக்கு நேர் விகிதத்தில் முனைவாக்கம்) வர வழி உண்டு. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் குழு 2016-இல் இதையும், மாங்கனீஸ் அலுமினேட், மாங்கனீஸ் காலேட் இரண்டையும் சேர்த்து அறிவித்தது. சுருள் எதுவும் இல்லாமலே பிணைப்பு வருகிறது என்பதுதான் இதன் சிறப்பு.

செய்வது எளிது. கோபால்ட் நைட்ரேட்டைச் சுட்டாலே போதும். எடை விகிதச் சிக்கல் இல்லை, நச்சுக் குரோமேட் இல்லை. மாங்கனீஸ் ஸ்பினல்களில் காற்றில் சுட்டால் மாங்கனீஸ் மூன்று இணைதிறத்துக்கு ஏறும் தொல்லை உண்டு. இதில் அது கிடையாது. ஆனால் 900° செ. தாண்டினால் காற்றில் இது கோபால்ட்(2) ஆக்சைடாகச் சிதையும். ஆகவே 850-க்கு மேல் துணிந்து போக முடியாது, பெல்லட் நன்றாக இறுகாது. துளைகளில் ஈரம் ஏறும். அளக்கும் முன் வெற்றிடத்தில் ஓர் இரவு சூடாக்கி உலர்த்த வேண்டும்.

முனைவாக்கம் காந்தப்புலம் இருக்கும்போது மட்டும்தான். புலத்தை எடுத்தால் பூஜ்யம். அதாவது ஹீலியத்தோடு கூடவே பல டெஸ்லா மீக்கடத்திக் காந்தமும் வேண்டும். முனைவர் பட்டத்துக்கு வெளியூரில் ஒரு கூட்டாளி உறுதியாக இருந்தால், கோபால்ட் குரோமைட்டை விட இதையே முதலில் எடுக்கச் சொல்வோம். தூய மாதிரி முதல் மாதமே கையில் இருக்கும், கிடைக்கும் அளவீட்டு நேரம் முழுவதும் அளவீட்டுக்கே போகும்.

மூன்றாம் தேர்வு: நிக்கல் ஃபெரைட், பேரியம் டைட்டனேட் கலவை

காந்தப்புலம் ஃபெரைட்டைச் சுருக்குகிறது, சுருக்கம் பக்கத்திலிருக்கும் டைட்டனேட்டை அழுத்துகிறது, அழுத்தம் மின்னழுத்தமாகிறது. 1970-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் இந்த யோசனை உருவானது. எல்லாமே அறை வெப்பநிலையில். ஹீலியம் வேண்டாம்.

பெரும்பாலோர் கோபால்ட் ஃபெரைட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஸ்பினல் ஃபெரைட்டுகளில் அதற்குத்தான் காந்தச்சுருக்கம் மிகுதி என்பதால். பல்படிகத்தில் அது பத்து லட்சத்தில் 100-க்கு மேல்; நிக்கல் ஃபெரைட்டுக்கு 26 அளவில்தான். ஆனால் சமிக்ஞையைத் தருவது மொத்தச் சுருக்கமல்ல, புலம் மாறும்போது சுருக்கம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்ற சரிவு. கோபால்ட் ஃபெரைட் காந்தத்தில் முரடு. உச்சத்துக்குச் சில ஆயிரம் ஓர்ஸ்டெட் வேண்டும். நிக்கல் ஃபெரைட் மென்மையானது, கல்லூரியின் சின்ன மின்காந்தத்திலேயே சில நூறு ஓர்ஸ்டெட்டில் உச்சத்தைக் காட்டிவிடும். அடுக்கு அமைப்புகளில் நிக்கல் ஃபெரைட் கோபால்ட் ஃபெரைட்டை முந்துவது பலமுறை காட்டப்பட்டது. எங்கள் சாய்வு நிக்கல் பக்கமே.

அளவு: கன அளவில் 30 விழுக்காடு ஃபெரைட் என்றால் 10 கிராம் கலவைக்கு நிக்கல் ஃபெரைட் 2.77 கிராம், பேரியம் டைட்டனேட் 7.23 கிராம். 40-ஐத் தாண்ட வேண்டாம். ஃபெரைட் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலியாகிவிட்டால் மின்சாரம் அந்த வழியே கசிந்துவிடும், போலிங்கே நடக்காது. நிக்கல் ஃபெரைட்டில் இரும்பை வாய்ப்பாட்டில் 2-க்குப் பதில் 1.97 அளவில் சற்றே குறைத்துப் போடுவது நல்லது. இரண்டு இணைதிற இரும்பு குறையும், மின்தடை ஏறும். 1,150 முதல் 1,200° செ. வரை 4 மணி நேரம். அதற்கு மேல் போனால் பேரியமும் இரும்பும் சேர்ந்து பேரியம் ஹெக்சாஃபெரைட் ஆகும், எக்ஸ்ஆர்டியில் 32.2, 34.1 பாகைகளில் தலைகாட்டும். அது வந்துவிட்டால் அந்த பெல்லட்டை ஒதுக்கிவிடுங்கள்.

போலிங்: வெள்ளிப் பசை பூசி, சிலிக்கோன் எண்ணெயில் 120 முதல் 130° செ. வரை சூடாக்கி, மி.மீ.க்கு 1 கிலோவோல்ட் வைத்து, புலத்தை எடுக்காமலே குளிர்விக்க வேண்டும். மின்னோட்டம் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள். பெல்லட் கசிகிறது, கொஞ்ச நேரத்தில் வெடித்து உடையும்.

அளவீட்டை இங்கே கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மின்காந்தத்தின் நிலையான புலத்தின் மேல் 1 ஓர்ஸ்டெட், 1 கிலோஹெர்ட்ஸ் மாறுபுலத்தைச் சிறு சுருளால் ஏற்றி, குறித்த அதிர்வெண்ணை மட்டும் பிரித்து அளக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபயரில் மின்னழுத்தம் பார்ப்பது முறை. சுட்ட கலவையில் சென்டிமீட்டருக்கு ஓர்ஸ்டெட்டுக்குச் சில மில்லிவோல்ட்டிலிருந்து சில பத்து மில்லிவோல்ட் வரை வரும். 10 என்று வைத்தால், 1 மி.மீ. பெல்லட்டில் 1 மில்லிவோல்ட். தாராளமாகப் படிக்கலாம். ஆனால் மாதிரியிலிருந்து வரும் இரு கம்பிகளுக்கு நடுவில் 1 சதுர செ.மீ. இடைவெளி இருந்தாலே, அந்த வளையத்தில் தூண்டப்படும் மின்னழுத்தம் 63 மைக்ரோவோல்ட். கம்பிகளை முறுக்கி விடுங்கள். பிறகு நிலையான புலத்தின் திசையைத் திருப்பிப் பாருங்கள்: உண்மையான சமிக்ஞை குறி மாறும், கம்பி வளையத்தின் சமிக்ஞை மாறாது. இந்த ஒரு சோதனை செய்யாத ஆய்வேட்டை நம்பக் கூடாது.

கேபிளும் திருடும். இந்த பெல்லட்டின் மின்தேக்குத்திறன் சுமார் 440 பிகோஃபாரட்; ஒரு மீட்டர் கோஆக்சியல் கேபிள் 100. ஆகவே மீட்டரில் தெரிவது உண்மையில் 81 விழுக்காடுதான். திருத்திக் கணக்கிடாமல் அட்டவணையில் போடக் கூடாது.

இந்த அமைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் பலர் குரோமியம் ஆக்சைடை வைத்துப் பார்ப்பார்கள். அது ஸ்பினல் அல்ல, ஆனால் காந்த-மின் விளைவு முதன்முதலாக 1960-இல் அளக்கப்பட்ட பொருள். அதன் நீல் வெப்பநிலை (எதிர்ஃபெர்ரோ ஒழுங்கு கலையும் வெப்பநிலை) 307 கெல்வின், அதாவது 34° செ. மதுரையில் ஏப்ரல் மதியம் குளிர்சாதனம் இல்லாத அறையே அதைத் தாண்டிவிடும். சமிக்ஞை வரவில்லை என்று கருவியைப் பிரித்துப் போடாதீர்கள். நைட்ரஜன் ஆவியில் 260 கெல்வின் பக்கம் கொண்டுவந்து, மின்புலம் காந்தப்புலம் இரண்டையும் வைத்துக் குளிர்வித்த மாதிரியில் பாருங்கள். இன்னொன்று: மின்னழுத்தக் கணக்கில் குரோமியம் ஆக்சைடுப் படிகம் 20 மில்லிவோல்ட் அளவு தரும், நம் கலவையின் 10-ஐ விட அதிகம். மின்னூட்டக் கணக்கில் அது மீட்டருக்கு 4 பிகோநொடி, கலவை 110. எந்த அலகில் ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் எது பெரிது என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

சுடுவதையே தவிர்க்கவும் ஒரு வழி உண்டு. நிக்கல் ஃபெரைட் பெல்லட்டைத் தனியாக நன்றாகச் சுட்டு, ஏற்கெனவே போலிங் செய்த பிஇசட்டி (ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் உள்ள அழுத்தமின் பீங்கான்) வட்டின் இரு பக்கமும் மெல்லிய எபாக்சியால் ஒட்டுவது. பிஇசட்டி முழு வட்டாகக் குறுக்கே நிற்பதால் கசிவு வழி இல்லை, சமிக்ஞையும் பெரிது. பஸ்ஸரில் வரும் வட்டை வாங்கினால் அதன் பித்தளைத் தட்டோடு பயன்படுத்தாதீர்கள். பித்தளையில் சுழல் மின்னோட்டம் ஓடும், சுருக்கத்தையும் அது தடுக்கும்.

எடுக்கக் கூடாதது

நானோ கோபால்ட் ஃபெரைட் செய்து, எல்சிஆர் மீட்டரில் காந்தம் வைத்தும் வைக்காமலும் மின்தேக்குத்திறனைப் பார்த்து, மாறுகிறது, ஆகவே பிணைப்பு உண்டு என்று முடிக்கும் திட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இது மாணவரின் உழைப்பை வீணாக்குவது. ஃபெரைட்டில் இரண்டு, மூன்று இணைதிற இரும்புகளுக்கிடையே எலக்ட்ரான் தாவுகிறது. துகளின் உள்ளே தடை குறைவு, எல்லையில் அதிகம். எல்லையில் மின்னூட்டம் தேங்குவதால் மின்தேக்குத்திறன் பொய்யாகப் பெரிதாகத் தெரியும். காந்தம் தடையை மாற்றினால் அந்தப் பொய்யும் மாறும். பிணைப்பே இல்லாமல் இப்படி வரும் என்று இயற்பியலாளர் கட்டலான் 2006-இலேயே எழுதிக் காட்டிவிட்டார். அதே போல, கசியும் ஃபெரைட்டின் முனைவாக்கச் சுழல் (மின்புலத்தை ஏற்றி இறக்கும்போது முனைவாக்கம் வரையும் வளையம்) வாழைப்பழம் போல உருண்டு தெரியும், அது ஃபெர்ரோமின் சுழல் அல்ல. கையில் அந்த மாதிரிதான் இருக்கிறது என்றால், டேன் டெல்டாவையும் (மின்னிழப்பின் அளவு) மின்தடையையும் அதே புலத்தில் அளந்து, 100 ஹெர்ட்ஸிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸ் வரை போய், விளைவு உயர் அதிர்வெண்ணிலும் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காது என்றே எதிர்பாருங்கள். அதைக் காந்தத்தடை ஆய்வாக எழுதினால் அது நேர்மையான நல்ல ஆய்வேடு.

எப்போது தொடங்குவது

முதுகலைத் திட்டத்துக்கு நிக்கல் ஃபெரைட்டும் பேரியம் டைட்டனேட்டும். கைவசம் பிஇசட்டி வட்டு இருந்தால் ஒட்டுவதையும் சேர்த்து, இரண்டையும் ஒரே சுருளில் ஒப்பிடுங்கள். முனைவர் பட்டத்துக்கு, முன்மொழிவு ஏற்கப்பட்ட கடிதம் கைக்கு வந்த பிறகே கோபால்ட் ஆக்சைடு. அதன் அளவீடு ஒருமுறை ஒழுங்காக வந்தபின் கோபால்ட் குரோமைட்.

நைட்ரேட் வழியில் போகிறவர்கள் ஐப்பசி மழைக்கு முன்பே எடைபோட்டு முடித்துவிடுங்கள். கோபால்ட் நைட்ரேட் ஈரத்தை உறிஞ்சும். மூடியைத் திறந்து வைத்த பாட்டிலில் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பளபளத்தால் அதில் தண்ணீர் ஏறிவிட்டது. 2 விழுக்காடு தண்ணீர் ஏறியிருந்தாலே கோபால்ட் அந்த அளவு குறைந்து, கோபால்ட் குரோமைட்டில் குரோமியம் ஆக்சைடு மிஞ்சும். அப்படிப்பட்ட பாட்டிலில் கொஞ்சம் எடுத்து, சுட்டு, ஆக்சைடாக நிறுத்து, உண்மையான கோபால்ட் அளவைக் கணக்கிட்டுக்கொண்டு மேலே போகலாம். சுடும் நாளை மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துக் குறியுங்கள். 1,150 டிகிரியில் நிற்கும் பெல்லட்டுக்கு நடுவில் மின்சாரம் போனால் வேகமாக ஆறி விரிசல் விடும், சுட்ட பெல்லட்டை மறுபடி பொடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.